விளையாட வந்த இடத்தில் வசவு எதற்கு?

ஆன்லைன் கேம்ஸ் சாட்டில் வரும் கெட்ட பேச்சைச் சமாளிக்கும் வழிகள்

கோவில்பட்டியில் இருக்கும் என் சித்தி வீட்டில் சென்ற கோடை விடுமுறையில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். சித்தி மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். பணம் கொடுத்தது சித்தப்பா. பிரிண்டரை இணைத்து, ஆன்ட்டி வைரஸ் பார்த்து, கடைசியாக அவன் ஆசைப்பட்ட ஆன்லைன் கேமையும் இன்ஸ்டால் செய்து கொடுத்தது நான். மூன்றாவது வாரம் சித்தியிடமிருந்து போன் வந்தது.

"ஏய்யா, நீ போட்டுக் கொடுத்த விளையாட்டை அவனே அழிச்சுட்டானாம். கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?"

போனை அவனிடம் கொடுக்கச் சொன்னேன். "ஏன்டா அழிச்ச?" என்று கேட்டேன்.

"சாட்ல அன்இன்ஸ்டால் பண்ணுன்னு சொன்னாங்கண்ணே. அதான் பண்ணிட்டேன்."

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. "டீம்ல இருந்த நாலு பேருமே சொன்னாங்க. அப்ப நான் விளையாடக் கூடாதுன்னுதான அர்த்தம்?" என்றான்.

கேம்ஸ் விளையாடுபவர்கள் மத்தியில் "அன்இன்ஸ்டால் செய்" என்பது ஒரு வசவு. "உனக்கு இது ஒத்து வராது, ஓடிப் போ" என்று அதற்குப் பொருள். புதிதாக வந்தவனுக்கு இது எப்படித் தெரியும்? கண்ட்ரோல் பேனலைத் திறந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் யெஸ் கிளிக் செய்து, சொன்னபடியே செய்து முடித்துவிட்டான்.

போனை வைத்த பிறகு எனக்கு வேறொரு விஷயம் உறுத்தியது. அதே வரியை நானும் ஒரு காலத்தில் அடித்திருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் வீட்டிலும் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருப்பீர்கள். பிள்ளைகளோ நீங்களோ ஆன்லைன் கேம்ஸ் விளையாடத் தொடங்கியிருக்கலாம். அங்கே வரும் சாட் என்றால் என்ன, அதில் கெட்ட பேச்சு ஏன் இவ்வளவு வருகிறது, அதை எப்படிக் கையாள்வது என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

கேமுக்குள் சாட் எத்தனை வகை?

ஒரே நேரத்தில் பல ஊர்களில் இருந்து பலர் சேர்ந்து ஆடுவதை மல்டி பிளேயர் கேம் என்கிறோம். சேர்ந்து ஆட வேண்டுமானால் பேசிக்கொள்ள வேண்டும். அதற்காகத் தரப்படும் வசதியே சாட். இது மூன்று வகையாக இருக்கும்.

முதலாவது டெக்ஸ்ட் சாட். என்டர் கீயை அழுத்தினால் சிறிய பெட்டி திறக்கும். அதில் டைப் செய்து மீண்டும் என்டர் தட்டினால் மற்றவர்களுக்குத் தெரியும். உங்கள் அணிக்கு மட்டும் தெரிவது டீம் சாட். எதிரணிக்கும் சேர்த்துத் தெரிவது ஆல் சாட்.

இரண்டாவது வாய்ஸ் சாட். ஹெட்போன், மைக் வைத்து நேரடியாகப் பேசுவது. இதில் குரல் போகிறது. குரல் போனால் வயதும், ஆணா பெண்ணா என்பதும், சில சமயம் ஊரும்கூடத் தெரிந்துவிடும்.

மூன்றாவது பிங். ஒரு பட்டனை அழுத்தினால் "இங்கே எதிரி இருக்கிறான்", "இங்கே போகலாம்" என்று வரைபடத்தில் குறி காட்டும். பேச்சு தேவையில்லை.

சாட்டில் அடிக்கடி வரும் சில சொற்களையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நூப்: கற்றுக்குட்டி. பெரும்பாலும் கேலியாகவே சொல்லப்படும்.

ஜிஜி: "நல்ல ஆட்டம்" என்பதன் சுருக்கம். ஆட்டம் முடிந்ததும் சொல்லும் மரியாதை.

இஸி: "ரொம்பச் சுலபம்". ஜெயித்தவர் தோற்றவரைச் சீண்டச் சொல்வது.

ஏஎஃப்கே: கீபோர்டை விட்டு எழுந்து போய்விட்டவர்.

ஃபீடர்: திரும்பத் திரும்பச் செத்து எதிரணிக்குப் பாயின்ட் கொடுப்பவர்.

டாக்சிக்: விஷம் போன்ற பேச்சு அல்லது அப்படிப் பேசுபவர். திட்டுவது, மிரட்டுவது, சாதி, மதம், நிறம், பால் சொல்லி இழிவுபடுத்துவது எல்லாம் இதில் அடக்கம்.

யார் இப்படிப் பேசுகிறார்கள்?

"எங்கோ சில பொறுக்கிகள் இருக்கிறார்கள், அவர்களை நீக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்றுதான் நானும் நினைத்திருந்தேன். விஷயம் அப்படி இல்லை.

லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் என்ற கேம் 2009-ஆம் ஆண்டு வெளிவந்தது. ஐந்து பேர் ஒரு அணி, ஐந்து பேர் எதிரணி. ஒரு ஆட்டம் அரை மணி நேரம் அல்லது அதற்கு மேலும் போகும். ஒருவர் தவறு செய்தால் அணி முழுவதும் அதன் பலனை அனுபவிக்க வேண்டும். ஆகவே கோபத்திற்குக் குறைவே இல்லை. இதை வெளியிட்ட ரயட் கேம்ஸ் நிறுவனம், மூளையியல் படித்த ஜெஃப்ரி லின் போன்றவர்களைக் கொண்டு ஆட்டக்காரர்களின் நடத்தையை ஆராய்ந்தது. அந்த ஆராய்ச்சி பற்றி 2016 மார்ச் மாதம் நேச்சர் அறிவியல் இதழில் விரிவான கட்டுரை வந்தது.

அதில் ஒரு கணக்கு என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. எப்போதும் மோசமாக நடந்துகொள்ளும் ஆட்கள் மூலம் வந்தது மொத்தக் கெட்ட நடத்தையில் சுமார் 13 சதவீதம் மட்டுமே. மீதி 87 சதவீதம், மற்ற நாட்களில் ஒழுங்காகவே விளையாடும் சாதாரண ஆட்களிடமிருந்து வந்தது. அதாவது, ஆபீசில் திட்டு வாங்கி வந்தவர், பரீட்சையில் மார்க் குறைந்தவர், முந்தைய ஆட்டத்தில் வேறொருவரிடம் வசவு வாங்கியவர் என்று, ஏதோ ஒரு மோசமான நாளில் இருந்தவர்கள். பத்து பேர் ஆடும் ஆட்டத்தில் யாரோ ஒருவருக்கு அன்று மோசமான நாளாக இருப்பது சகஜம்தானே? அவர் ஒரு வரி அடிக்கிறார். அது இன்னொருவரின் நாளைக் கெடுக்கிறது. அவர் அதை அடுத்த ஆட்டத்திற்குச் சுமந்து போகிறார்.

பஸ்ஸில் காலை மிதித்தவரிடம் நாம் இப்படிப் பேசுவதில்லை. முகம் தெரிகிறது, பக்கத்தில் நாலு பேர் இருக்கிறார்கள். கேமில் எதிரே இருப்பது ஒரு பட்டப்பெயரும் ஒரு பொம்மை உருவமும்தான். ஆட்டம் முடிந்தால் மறுபடி சந்திக்கப் போவதும் இல்லை. அதனால் வாய் நீண்டுவிடுகிறது.

அந்த 87-ல் நானும் ஒருவன்

2018-இல் நான் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. ஹாஸ்டலில் இரவு பத்து மணிக்கு மேல் ஐந்து பேர் அணி கேம்தான் எங்களுக்கு உலகம். அன்று மாலை அரியர் ரிசல்ட் வந்திருந்தது. இரண்டாவது முறையாக அதே பேப்பர் போயிருந்தது. அறையில் யாரிடமும் பேசாமல் தனியாகக் கேமில் உட்கார்ந்தேன். அணியில் மற்ற நால்வரும் தெரியாதவர்கள். அதில் ஒருவர் சொன்ன இடத்திற்கு வராமல், வேறு எங்கோ போய் மாட்டிக்கொண்டே இருந்தார். ஆட்டம் தோற்றது.

நான் டைப் செய்யத் தொடங்கினேன். ஆங்கிலத்தில் கொஞ்சம், ஆங்கில எழுத்தில் தமிழ் கொஞ்சம். அவர் ஒன்றும் பதில் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கோபத்தைக் கூட்டியது. கடைசியாக "அன்இன்ஸ்டால் பண்ணிட்டுப் போ" என்று முடித்தேன்.

மறுநாள் லாகின் செய்தபோது ஒரு விண்டோ திறந்தது. ஒரு வாரத்திற்கு எனக்கு சாட் கிடையாது என்று அறிவிப்பு. அதன் கீழே நான் முந்தைய இரவு அடித்த வரிகள் ஒன்று விடாமல் வரிசையாக இருந்தன. நடுவில் எதிர்முனையின் வரி ஒன்றுகூட இல்லை. இரவில் அடித்தபோது அது சண்டை மாதிரித் தோன்றியது. காலையில் படித்தபோது, பேசாமல் நிற்கும் ஒருவரை நான் ஒருவனே அடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

ரயட் நிறுவனமும் இதையே கண்டது. தடை போட்டதோடு நில்லாமல், எதற்காகத் தடை என்று அவரவர் அடித்த வரிகளையே எடுத்துக் காட்டியபோது திருந்தியவர்கள் அதிகம். என் விஷயத்திலும் அது வேலை செய்தது. அந்த எதிர்முனை ஆள் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாருடைய சித்தி மகனோ?

கம்பெனிகள் என்ன செய்து பார்த்தன?

ரயட் நிறுவனம் செய்த இன்னொரு சோதனை மிகவும் எளிமையானது. எதிரணியோடு பேசும் சாட் அதுவரை எல்லோருக்கும் தானாகவே திறந்திருந்தது. அதை மூடிவிட்டு, வேண்டுபவர்கள் செட்டிங்ஸ் சென்று திறந்துகொள்ளலாம் என்று மாற்றினார்கள். சாட் பயன்படுத்துவோர் அளவு ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஆனால் கெட்ட பேச்சு 30 சதவீதத்திற்கும் மேல் குறைந்தது. நல்ல பேச்சு சுமார் 35 சதவீதம் கூடியது. கதவைப் பூட்டவில்லை, சும்மா சாத்தித்தான் வைத்தார்கள். கதவைத் திறக்கக் கை வைக்கும் அந்த ஒரு நொடி யோசனையே போதுமானதாக இருந்தது.

2011 முதல் 2014 வரை அதே கேமில் ட்ரிப்யூனல் என்ற நம் ஊர்ப் பஞ்சாயத்து போன்ற ஏற்பாடும் இருந்தது. புகார் வந்த சாட்டை ஆட்டக்காரர்களே படித்துப் பார்த்து, தண்டிக்கலாமா மன்னிக்கலாமா என்று ஓட்டுப் போடுவார்கள். ஓட்டுகள் பத்துக் கோடியைத் தாண்டின. ஆனால் தீர்ப்பு வர நாளானது. எந்த ஆட்டத்துக்கான தண்டனை என்றே மறந்துபோன பிறகு தண்டித்து என்ன பயன்? எனவே பிறகு கம்ப்யூட்டரே உடனுக்குடன் பார்த்துச் சொல்லும் முறைக்கு மாறினார்கள்.

மற்ற கேம்களில் வேறு வழிகள். ஹார்த்ஸ்டோன் என்ற சீட்டு விளையாட்டில் எதிராளியிடம் டைப் செய்யவே முடியாது. தயாராக உள்ள சில வாசகங்களை மட்டும் அனுப்பலாம். அதில் "மன்னிக்கவும்" என்று ஒன்று இருந்தது. அதைக்கூட நம்மவர்கள் எதிராளி தோற்கும் நேரம் பார்த்துக் கிண்டலுக்கே பயன்படுத்தினார்கள். 2016-இல் அதை எடுத்துவிட்டார்கள். ஓவர்வாட்ச் கேமில் அதே ஆண்டு ஒரு வேடிக்கை செய்தார்கள். ஆட்டம் முடிந்து "ஜிஜி இஸி" என்று அடித்தால், அது தானாகவே அடித்தவரையே கேலி செய்யும் குழந்தைத்தனமான வாக்கியமாக மாறிப் போகும்.

2019-இல் வந்த ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் கேமில் பிங் வசதி மிக நன்றாக அமைந்தது. மவுஸின் நடு பட்டனை ஓர் இடத்தைப் பார்த்து அழுத்தினால் போதும். எதிரி, துப்பாக்கி, போக வேண்டிய வழி எல்லாவற்றையும் அணிக்குச் சொல்லிவிடலாம். மைக் இல்லாதவரும், பேச விரும்பாதவரும், வேற்று மொழிக்காரரும் சமமாக விளையாட முடிந்தது.

2012-இல் வந்த ஜர்னி என்ற கேமில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பாலைவனத்தில் நடக்கும்போது தெரியாத ஒருவர் உங்களோடு சேர்ந்துகொள்வார். அவர் பெயர் தெரியாது, சாட்டும் கிடையாது. ஒரு மெல்லிய ஒலி மட்டும் எழுப்பலாம். இதை உருவாக்கிய ஜெனோவா சென் குழுவினர் சோதித்தபோது, ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டு வேடிக்கை பார்ப்பதைக் கண்டார்கள். யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை. ஒருவர் மேல் ஒருவர் முட்டித் தள்ளவே முடியாதபடி மாற்றிவிட்டார்கள். தள்ளுவது நின்றது.

வாய்ஸ் சாட்டிலும் இப்போது காவல் வந்துவிட்டது. கால் ஆஃப் டியூட்டி கேமில் 2023 ஆகஸ்ட் மாதம் வட அமெரிக்காவில் டாக்ஸ்மாட் என்ற சாப்ட்வேரைக் கொண்டுவந்தார்கள். அது பேச்சைக் கவனித்து, மோசமானதைக் குறித்து அனுப்பும். தண்டனை என்ன என்பதைக் கம்பெனி முடிவு செய்யும்.

சாப்ட்வேரே எல்லாவற்றையும் தடுத்துவிடாதா?

நான் சாப்ட்வேர் இன்ஜினியர் என்பதால் உறவினர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி இது. கெட்ட வார்த்தைகளைப் பட்டியல் போட்டு, அவை வந்தால் நட்சத்திரக் குறியாக மாற்றுவது எளிது. பெரும்பாலான கேம்களில் இந்த ஃபில்டர் உண்டு. ஆனால் இதற்கு இரண்டு குறைகள்.

ஒன்று, அப்பாவிகளும் மாட்டுவார்கள். 1996-இல் ஏஓஎல் இன்டர்நெட் சேவையில் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் நகரத்தவர்களால் கணக்குத் திறக்க முடியாமல் போயிற்று. அந்த ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருந்ததே காரணம்!

இரண்டு, திட்டுபவர் தப்பித்துவிடுவார். எழுத்துக்கு நடுவே புள்ளி வைப்பார்; எழுத்துக்குப் பதில் எண் போடுவார். நம் தமிழில் இது இன்னும் சிக்கல். ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கும்போது ஒரே வார்த்தையைப் பத்து விதமாக எழுதலாம். அதோடு, "டேய், வாடா" என்பது நண்பனிடம் பாசம். அறிமுகம் இல்லாதவரிடம் அவமரியாதை. சொல் ஒன்றுதான், சொல்பவரும் கேட்பவரும் யார் என்பதே பொருளை மாற்றுகிறது. இதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லித் தருவது சுலபமல்ல. எனவே ஃபில்டரைக் கட்டாயம் ஆன் செய்து வையுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. முதலில் மியூட். கெட்ட பேச்சு வந்தவுடன் பதில் எழுதாதீர்கள். அவரது பேச்சு உங்களுக்கு வராமல் மியூட் செய்திடுங்கள். மியூட் செய்தது அவருக்குத் தெரியுமோ என்று தயங்க வேண்டாம். அவர் தொடர்ந்து அடித்துக்கொண்டிருப்பார், உங்கள் திரை அமைதியாக இருக்கும்.

லீக் ஆஃப் லெஜெண்ட்ஸில் டேப் கீயை அழுத்தினால் ஸ்கோர் பட்டியல் வரும். பெயருக்குப் பக்கத்தில் மியூட் ஐகான் இருக்கும். டோட்டா 2-விலும் ஸ்கோர் பட்டியலில்தான் இது உள்ளது. கவுன்டர் ஸ்டிரைக் 2-இல் டேப் கீயை அழுத்தியபடியே ரைட் கிளிக் செய்தால் மவுஸ் அம்பு தோன்றும். பெயரைக் கிளிக் செய்து மியூட் செய்திடலாம். வேலரன்ட்டில் எஸ்கேப் கீயை அழுத்தி மேட்ச் பகுதிக்குச் சென்றால், ஒவ்வொருவருக்கும் டெக்ஸ்ட், வாய்ஸ் இரண்டையும் தனித்தனியே நிறுத்தலாம். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் ஆப்ஷன்ஸ், சாட் செட்டிங்ஸ் சென்று சாட்டையே மறைத்துவிடலாம்.

2. ஆதாரம் எடுங்கள். சாதாரண வசவுக்கு இது தேவைப்படாது. மிரட்டல், ஆபாசம், தொடர்ந்து துரத்துவது என்றால் கட்டாயம் தேவை. விண்டோஸ் கீயோடு பிரிண்ட் ஸ்கிரீன் கீயை அழுத்துங்கள். திரையின் படம் பிக்சர்ஸ் போல்டரில் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற இடத்தில் பதிவாகும். வாய்ஸ் என்றால் விண்டோஸ் கீயோடு ஜி கீயை அழுத்தி, கேம் பார் மூலம் வீடியோவாகப் பதிவு செய்யலாம்.

3. ரிப்போர்ட் செய்யுங்கள். ஆட்டம் முடிந்ததும் வரும் பட்டியலில் அவர் பெயருக்கு அருகில் ரிப்போர்ட் பட்டன் இருக்கும். சரியான காரணத்தைத் தேர்ந்தெடுங்கள். "சரியாக ஆடவில்லை" என்பதற்காக ரிப்போர்ட் செய்யக் கூடாது. அது குற்றம் அல்ல. என்னை அன்று யாரோ ரிப்போர்ட் செய்ததால்தான் நான் நின்றேன் என்பதை மறந்துவிடாதீர்கள்.

4. பிளாக். ஆட்டம் முடிந்த பிறகும் ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட் அனுப்பித் திட்டுபவர்கள் உண்டு. ஏற்க வேண்டாம். பிளாக் செய்திடுங்கள். ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட்டை யார் அனுப்பலாம் என்பதையும் பிரைவசி செட்டிங்ஸில் கட்டுப்படுத்தலாம்.

5. பெயரில் கவனம். கேமில் வைக்கும் பெயரில் உண்மைப் பெயர், பிறந்த ஆண்டு, பள்ளி, ஊர் எதுவும் வேண்டாம். குறிப்பாகப் பெண்கள், பெயரிலோ குரலிலோ பெண் என்று தெரிந்தவுடன் வேறு வகைப் பேச்சு தொடங்குவதைப் பார்த்திருப்பார்கள். தவறு அவர்களுடையது அல்ல. தெரிந்த நண்பர்களுடன் பார்ட்டி அமைத்து, வாய்ஸை அந்தப் பார்ட்டிக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் வசதி பல கேம்களில் உண்டு.

6. வெளியே கூப்பிட்டால் போகாதீர்கள். "வாட்ஸ்அப் நம்பர் கொடு, டிஸ்கார்டுக்கு வா, போட்டோ அனுப்பு" என்று தெரியாதவர் கேட்டால், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் மறுத்துவிடுங்கள். கேமுக்குள் நடப்பதை ரிப்போர்ட் செய்ய முடியும். வெளியே போய்விட்டால் அந்தக் காவல் இல்லை.

எல்லை மீறினால்?

உயிருக்கு மிரட்டல், குழந்தைகளிடம் ஆபாசப் பேச்சு, படம் கேட்டு மிரட்டுதல் ஆகியவை சட்டப்படி குற்றங்கள். சாட்டை அழிக்காமல் ஆதாரத்தோடு மத்திய அரசின் தேசிய சைபர் கிரைம் புகார் இணையதளத்தில் பதிவு செய்யலாம்; அருகில் உள்ள காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். ஏமாற்றிப் பணம் பறித்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்திடுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இந்த இரண்டு எண்களையும் கம்ப்யூட்டர் மேஜைக்கு அருகில் எழுதி ஒட்டி வைப்பது நல்லது.

பெற்றோர்களுக்கு

பையன் கேம் ஆடும்போது முகம் வாடியிருந்தால், ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்காதீர்கள். ஆட்டத்தின் நடுவில் மறைந்து போனால், மீதி நால்வர் அவன் மேல் புகார் கொடுப்பார்கள். அவனுக்குத் தண்டனையும் வரும். ஆட்டம் முடியட்டும். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

"இனிமேல் கேமே கிடையாது" என்று சொன்னால், அடுத்த முறை அவன் உங்களிடம் சொல்லவே மாட்டான். மிரட்டல் வரும் நாளிலும் சொல்லாமல் இருந்துவிடுவான். அதுதான் ஆபத்து. சித்தியிடம் நான் சொன்னதும் இதுதான். அவன் கேமை அழித்ததையும், கேட்டபோது காரணத்தையும் மறைக்காமல் சொன்னான் என்பதே பெரிய விஷயம்.

கம்ப்யூட்டரை ஹாலில் வையுங்கள். ஒரு நாள் ஒரு ஆட்டமாவது கூட உட்கார்ந்து பாருங்கள்.

நம் விரல்களுக்கும் சில விதிகள்

மற்றவர்களை மியூட் செய்யலாம். நம்மை நாமே மியூட் செய்வதுதான் கஷ்டம். நான் கடைப்பிடிக்கும் மூன்று விதிகளைச் சொல்கிறேன்.

தோற்றவுடன் அடுத்த ஆட்டத்திற்குள் நுழையாதீர்கள். எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். தொடர்ந்து இரண்டு தோல்வி என்றால் அன்றைக்கு அது போதும்.

எழுதியதை என்டர் தட்டுமுன் ஒரு முறை படியுங்கள். முடிந்து போன தவறைப் பற்றி என்றால் அழித்துவிடுங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்பது பற்றி என்றால் அனுப்புங்கள். லீக் ஆஃப் லெஜெண்ட்ஸில் "தவறு செய்த கூட்டாளியைத் திட்டினால் அவர் இன்னும் மோசமாக ஆடுவார்" என்ற பொருளில் ஆட்டத்திற்கு முன் சிறு குறிப்புகளைக் காட்டிச் சோதித்தார்கள். மோசமாக நடப்பதன் கெடுதலைச் சிவப்பு எழுத்தில் காட்டியபோது ஆபாசப் பேச்சு 11 சதவீதம் குறைந்தது. திட்டினால் ஜெயிக்க முடியாது என்று நினைவூட்டியதற்கே இந்தப் பலன்.

அணியில் ஒருவரை எல்லோரும் சேர்ந்து திட்டும்போது சேர்ந்துகொள்ளாதீர்கள். முடிந்தால் "பரவாயில்லை, அடுத்ததைப் பார்ப்போம்" என்று ஒரே ஒரு வரி அடியுங்கள். நாலு பேருமே சொன்னார்கள் என்றானே என் தம்பி, அதில் ஒருவர் மாற்றிச் சொல்லியிருந்தால்கூட அவன் கண்ட்ரோல் பேனல் பக்கம் போயிருக்க மாட்டான்.

பிறகு என்ன ஆயிற்று?

அடுத்த சனிக்கிழமை கோவில்பட்டிக்குப் போனேன். கேமை மறுபடி இன்ஸ்டால் செய்தோம். உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக செட்டிங்ஸ் சென்று ஆல் சாட்டை மூடினோம். ஃபில்டரை ஆன் செய்தோம். மியூட் எங்கே, ரிப்போர்ட் எங்கே என்று அவனையே தேடிக் கண்டுபிடிக்கச் சொன்னேன். அன்று இரவு இருவரும் ஒரே அணியில் ஆடினோம். அவன் பிங் மட்டும் பயன்படுத்தினான். முதல் ஆட்டம் தோற்றோம்.

இரண்டாவது ஆட்டத்தில் ஒருவர் தொடங்கினார். இவன் டேப் கீயை அழுத்தி, ஐகானைக் கிளிக் செய்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தான். சிறிது நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, "அண்ணே, அவரு அப்புறம் என்ன சொன்னாருன்னே தெரியலையே?" என்றான்.

"தெரிய வேண்டாம்டா, ஆடு" என்றேன்.

உங்கள் கம்ப்யூட்டரிலும் இன்று கேமைத் திறந்தவுடன், விளையாடத் தொடங்கும் முன் மியூட் பட்டன் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வசவு வந்த பிறகு தேடினால் கை நடுங்கும், கண்ணுக்குத் தெரியாது.